விவசாயத் தொழில்நுட்பம் படிக்க நினைக்கும் கிராமத்து மாணவருக்கு: குரூப் எடுப்பதிலிருந்து வயலில் அளவெடுப்பது வரை

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறேன். வீட்டில் ஆறு மா (இரண்டு ஏக்கர்) நெல் சாகுபடி. தண்ணீரும் மண்ணும் கெடாமல் விவசாயம் செய்ய உதவும் தொழில்நுட்பம் படிக்க ஆசை. பிளஸ் ஒன்னில் எந்த குரூப், எங்கே படிப்பது, செலவுக்கு என்ன வழி, இப்போதிருந்தே என்ன செய்யலாம்?

பதில்:

கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் உள்ள குரூப்பை எடுங்கள். மற்ற முடிவுகளைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், இதை மாற்ற முடியாது. "விவசாயம் படிக்கத்தானே போறே, கணக்கு எதுக்கு" என்று ஊரில் நாலு பேர் சொல்வார்கள். கணிதத்தை விட்டுத் தாவரவியல், விலங்கியல் குரூப்புக்குப் போய்விட்டால் பிறகு பொறியியல் பக்கம் திரும்புவது மிகக் கடினம். பம்ப்செட், சொட்டுநீர்க் குழாய், நடவு இயந்திரம், சூரியத் தகடு எல்லாமே இயற்பியலும் கணக்கும்தான். உயிரியலையும் ஏன் சொல்கிறேன் என்றால், அது கையில் இருந்தால் பி.எஸ்சி. வேளாண்மைக்கும் விண்ணப்பிக்கலாம். கம்ப்யூட்டர் நிரல் எழுதுவதைப் பள்ளிக்கு வெளியே கற்றுக்கொண்டுவிடலாம், உயிரியலை அப்படி ஈடுகட்ட முடியாது.

பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளிக்கு மாறும் யோசனை வீட்டில் இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு கணக்குப் பாருங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2021 முதல் பொறியியலுக்கும் வேளாண்மைக்கும் அது பொருந்துகிறது. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே கட்டுகிறது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்பதைப் பார்த்தே கிடைக்கின்றன. கடைசி இரண்டு வருடத்துக்கு மட்டும் தனியாருக்கு மாறியவர் 7.5 சதவீதத்தை அப்படியே இழக்கிறார். இருக்கிற பள்ளியிலேயே இருங்கள். கணிதத்துக்கு வேண்டுமானால் தனியாக ஓர் ஆசிரியரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எந்தப் பட்டம். பி.எஸ்சி. வேளாண்மை பயிர், மண், விதை, பூச்சி, நோய் பற்றியது. பி.டெக். அல்லது பி.இ. வேளாண் பொறியியல் என்பது தண்ணீரைக் கொண்டுவருவது, மண் அரிப்பைத் தடுப்பது, பண்ணை இயந்திரம், அறுவடைக்குப் பின் பதப்படுத்துவது, புதுப்பிக்கத்தக்க எரிசக்தி பற்றியது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுக்குப் பொறியியல்தான் பொருந்தும். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் பலர் ஏமாறும் இடம் அரசு வேலை. வேளாண்மைத் துறையின் வேளாண்மை அலுவலர் பணிக்கு பி.எஸ்சி. வேளாண்மை வேண்டும். வேளாண் பொறியியல் துறையின் உதவிப் பொறியாளர் பணிக்குப் பொறியியல் பட்டம் வேண்டும். ஒன்றுக்குரிய பட்டம் மற்றதற்குச் செல்லாது. நான்கு வருடம் படித்து முடித்தபின் தேர்வு அறிவிக்கையைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வை மட்டும் இருவரும் எழுதலாம்.

விண்ணப்பம் இரண்டு வெவ்வேறு இடங்களில் நடக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தனியாக விண்ணப்பம் வாங்குகிறது. அதன் வேளாண் பொறியியல் கல்லூரிகள் கோவையிலும், லால்குடி பக்கம் குமுளூரிலும் உள்ளன. உங்களுக்குக் குமுளூர்தான் கிட்டம். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகளில் பி.இ. வேளாண் பொறியியல் சேரப் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றுக்குப் போட்டால் இன்னொன்றுக்கும் சேர்ந்துவிடும் என்று நினைத்து ஒன்றை மட்டும் போட்டுவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு. இரண்டிலும் தரவரிசை 200-க்குத்தான், ஆனால் கணக்கு வேறு. பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. வேளாண்மைப் பல்கலையில் நான்கு பாடங்களுக்கும் தலா 50. கணிதத்தில் வலுவானவருக்கு முதலாவதில் இடம் மேலே போகும். நான்கிலும் சீராக வாங்குபவருக்கு இரண்டாவது கைகொடுக்கும்.

தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு ஜேஇஇ மெயின் எழுத வேண்டும். காரக்பூர் ஐஐடியில் 1952 முதல் வேளாண் பொறியியல் இருக்கிறது, அதற்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு. வெளிமாநில வேளாண் பல்கலைக்கழகங்களின் அகில இந்திய இடங்களுக்கு க்யூட் தேர்வு.

தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தால், சேர்வதற்கு முன் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். கல்லூரிக்குச் சொந்த நிலமும் ஓடுகிற பம்ப்செட்டும் வடிகட்டி அமைப்பும் இருக்கிறதா? மாணவர்கள் டிராக்டர் ஓட்டிக் கலப்பையை இணைத்துப் பழகுகிறார்களா? பாடம் எடுப்பவர்களில் எத்தனை பேர் வேளாண் பொறியியல் படித்தவர்கள், எத்தனை பேர் மெக்கானிக்கல், சிவில் துறையிலிருந்து இரவல் வந்தவர்கள்? மூன்றுக்கும் நேரான பதில் வராத இடத்தில் சேர்ந்தால் நான்கு வருடமும் கரும்பலகையிலேயே கழியும்.

மதிப்பெண் குறைந்துவிட்டால் பாதை மூடிவிடாது. பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் மூன்று வருட டிப்ளமோ முடித்து, பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். அதற்கும் முந்தைய படியாக இரண்டு வருட ஐடிஐ முடித்தவர் டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். சுற்றுவழிதான். ஆனால் இந்த வழியில் வந்தவருக்கு இயந்திரத்தைப் பிரித்து மாட்டும் கைப்பழக்கம் முன்பே வந்திருக்கும், பட்டப்படிப்பில் அது பெரிய பலம்.

சான்றிதழ்களைப் பிளஸ் டூ அரையாண்டு விடுமுறைக்குள் எடுத்துவையுங்கள்: சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி. நான்கும் இ-சேவை வழியாகத்தான். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, உடன்பிறந்தோர் யாரும் பட்டதாரி இல்லையென்றால்தான் முதல் பட்டதாரிச் சலுகை. 6 முதல் 12 வரை எந்தெந்தப் பள்ளி என்பதற்கான படிப்புச் சான்று தனியாக வேண்டும். நடுநிலைப் பள்ளி ஒன்று, மேல்நிலைப் பள்ளி ஒன்று என்றால் இரண்டு தலைமையாசிரியர்களிடமும் வாங்க வேண்டும். எல்லாவற்றையும் கெடுப்பது பெயர் எழுத்துதான். ஆதாரில் ஒரு மாதிரி, மதிப்பெண் பட்டியலில் ஒரு மாதிரி, வங்கிக் கணக்கில் இன்னொரு மாதிரி இருந்தால் உதவித்தொகை வந்து சேராது. பிளஸ் ஒன் தொடங்கும்போதே மூன்றையும் ஒரே எழுத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

இனி, இப்போதிருந்தே என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். ட்ரோனும் செயலியும் காட்டுகிற வீடியோக்களைப் பார்த்து ஆசை வருவது இயல்பு. ஆனால் நீடித்த விவசாயத்துக்கான பொறியியல் ஒரு சின்னக் கேள்வியில் தொடங்குகிறது: உங்கள் வயலுக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது? டெல்டாவில் இந்தக் கேள்விக்கு எண்ணால் பதில் சொல்லக்கூடிய வீடுகள் மிகக் குறைவு. நீங்கள் சொல்ல முடிகிறவராக ஆகுங்கள்.

போர் அல்லது பில்டர் பாயிண்ட் (ஆழம் குறைந்த குழாய்க் கிணறு) ஓடும்போது 200 லிட்டர் டிரம் ஒன்றைக் குழாய்வாயில் வைத்து, நிரம்ப எத்தனை வினாடி என்று கைபேசியில் பாருங்கள். மோட்டார் போட்ட உடனே அளக்காதீர்கள். தொடக்கத்தில் நீர்மட்டம் மேலே இருப்பதால் தண்ணீர் கூடுதலாக வரும். அரை மணி நேரம் ஓடியபின் ஐந்து முறை அளந்து சராசரி எடுங்கள். 25 வினாடியில் நிரம்பினால் வினாடிக்கு 8 லிட்டர். ஒரு மா என்பது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 1,350 சதுர மீட்டர். அதில் 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்ட 67,500 லிட்டர் வேண்டும். 8 லிட்டர் பம்ப் என்றால் 2 மணி 20 நிமிடம். உங்கள் வீட்டில் நான்கு மணி நேரம் ஓடுகிறது என்றால் மிச்சத் தண்ணீர் எங்கே போகிறது? வாய்க்காலில் கசிகிறதா, வரப்பில் நண்டு வளையா, மண்ணுக்குள் இறங்குகிறதா? தேடிப் பாருங்கள். நீர்ப்பாசனப் பொறியியலின் முதல் பாடம் இதுதான்.

அதே அளவைக் கொண்டு பம்பின் திறனையும் கணக்கிடலாம். வினாடிக்கு 8 லிட்டர் தண்ணீரை 10 மீட்டர் உயர்த்தத் தேவையான சக்தி 0.008 × 10 × 9.81 = 0.78 கிலோவாட், சுமார் 1 எச்.பி. பொருத்தியிருப்பது 5 எச்.பி. மோட்டார் என்றால், அது முழுப் பாரத்தையும் இழுக்கும்போது மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வீண். தேவைக்கு மீறிய மோட்டார், சிறுத்த டெலிவரி குழாய், தேவையில்லாத வளைவுகள், தேய்ந்த இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) என்று காரணங்கள் பல. விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் இதை யாரும் பார்ப்பதில்லை. ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து மட்டும் எதையும் அளக்காதீர்கள். அது மும்முனை மின்சாரம், உயிர் போய்விடும்.

அடுத்தது காய்ச்சலும் பாய்ச்சலும். நெல் வயலில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. வடியவிட்டு மறுபடி கட்டினால் தண்ணீர் மிச்சமாகும், மண்ணுக்குள் காற்று புகுவதால் மீத்தேன் உருவாக்கும் நுண்ணுயிர்களும் அடங்கும். எப்போது மறுபடி கட்டுவது என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், ஒரு குழாயை நட்டு முடிவு செய்வது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரவலாக்கிய முறை. 30 செ.மீ. நீளமுள்ள 4 அல்லது 6 அங்குல பிவிசி குழாயை எடுத்து, கீழ் 20 செ.மீ. வரை சுற்றிலும் 5 மி.மீ. துளைகளை 2 செ.மீ. இடைவெளியில் போடுங்கள். துளையில்லாத 10 செ.மீ. மண்ணுக்கு மேலே நிற்கும்படி இறக்கி, குழாய்க்குள் இருக்கும் மண்ணை அடிவரை அள்ளி எடுத்துவிடுங்கள். நாற்று நட்டு இரண்டு வாரம் கழித்துத் தொடங்கலாம். குழாய்க்குள் தண்ணீர் தரைமட்டத்திலிருந்து 15 செ.மீ. கீழே போனதும் 5 செ.மீ. உயரம் கட்டுங்கள். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிலிருந்து ஒரு வாரம் பின்வரை மட்டும் வயல் காயக்கூடாது, காய்ந்தால் பதர் விழும். யூரியா போடுவதாக இருந்தால் தண்ணீர் கட்டுவதற்குச் சற்று முன், காய்ந்திருக்கும் மண்ணில் போடுங்கள்.

இது சொல்வதற்கு எளிது, செய்யும்போது பல இடத்தில் சறுக்கும். குழாயை வரப்பை ஒட்டி நட்டால் வரப்புக் கசிவைத்தான் காட்டும். ஒரு மீட்டராவது தள்ளி, வயலின் சராசரி மட்டத்தில் நடுங்கள். தண்ணீர் கட்டியதும் குழாய்க்கு உள்ளும் வெளியும் ஒரே மட்டம் இருக்க வேண்டும். இல்லையென்றால் துளைகள் சேற்றில் அடைத்திருக்கின்றன. வயல் மேடு பள்ளமாக இருந்தால் ஒரு மூலை வெடிக்கும்போது இன்னொரு மூலையில் தண்ணீர் நிற்கும், குழாய் சொல்வது எந்த மூலைக்கும் பொருந்தாது. லேசர் கருவி வைத்து நிலத்தைச் சமன்செய்வது ஏன் பேசப்படுகிறது என்பது அப்போது புரியும். காயவிட்டால் களை கூடும், எனவே கோனோவீடர் ஓட்ட ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கத்து உப்பு மண்ணில் இதைச் செய்யவே வேண்டாம். காயும்போது அடியிலிருக்கும் உப்பு மேலேறிவிடும். ஆற்றுப் பாசனத்தில், முறை வைத்து மேட்டூர்த் தண்ணீர் வரும் சம்பா வயலில், தண்ணீர் வரும் நாள் உங்கள் கையில் இல்லை. பில்டர் பாயிண்டை நம்பிய குறுவைதான் இதற்கு ஏற்றது. அதிலும் ஆறு மாவுக்கும் செய்யாமல் ஒரு மாவில் செய்து, பக்கத்து மாவை வழக்கம்போல் விடுங்கள். ஒப்பிட இன்னொரு பாதி இல்லையென்றால் முடிவை யாரும் நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது.

ஒரு நோட்டில் தேதி, குழாயில் நீர்மட்டம், மோட்டார் ஓடிய நேரம், மழை, கடைசியில் இரண்டு மாவின் மகசூல். மழையை அளக்க, வாயும் அடியும் ஒரே அகலமுள்ள டப்பாவும் ஸ்கேலும் போதும். மரத்தடியில் வைக்காதீர்கள்.

எலக்ட்ரானிக்ஸில் ஆர்வம் இருந்தால் அதற்குப் பிறகு மண் ஈர சென்சாருக்குப் போங்கள். இரண்டு உலோக முனைகள் வெளியே தெரியும் மலிவான மின்தடை வகை வேண்டாம். மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தால் சில வாரத்தில் முனைகள் அரித்துவிடும், உரம் போட்டால் அளவும் மாறிவிடும். மின்தேக்கி வகை சென்சாரும், அதைப் படிக்கும் வைஃபை வசதியுள்ள இஎஸ்பி32 என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகையும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். சென்சாரை 32 முதல் 39 வரையுள்ள பின்களில் இணையுங்கள். மற்ற அனலாக் பின்கள் வைஃபை ஓடும்போது படிக்காது. சென்சாரின் மேல் விளிம்பில் உள்ள சில்லுகளை எப்பாக்சி பூசி மூடாவிட்டால் முதல் மழையிலேயே போய்விடும்.

ஆனால் திரையில் வரும் 2,300, 1,800 போன்ற எண்கள் ஈரப்பதம் அல்ல. அவற்றை உங்கள் மண்ணோடு பொருத்திப் பார்க்க வேண்டும். சென்சாருக்குப் பக்கத்திலிருந்து 100 கிராம் மண் எடுத்து, 105 டிகிரி அடுப்பில் 24 மணி நேரம் உலர்த்தி, இழந்த எடையை உலர்ந்த எடையால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். அதுதான் ஈரப்பதம். நன்றாக நனைந்த நிலையிலிருந்து காய்ந்த நிலை வரை ஐந்தாறு தடவை இப்படிச் செய்து வரைபடத்தாளில் கோடு போடுங்கள். ஆய்வக அடுப்பு பள்ளியில் இருக்காது. நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். களிமண் காயும்போது வெடித்து, சென்சாரைச் சுற்றி இடைவெளி விழும். அப்போது வேரடியில் ஈரம் இருந்தாலும் சென்சார் காய்ந்துவிட்டது என்று சொல்லும். பள்ளிக் கண்காட்சியில் இதே சென்சாரைத் தொட்டியில் செருகி மோட்டாரை ஓட வைத்துக் கைதட்டு வாங்குவது சுலபம். மண்ணோடு பொருத்திப் பார்த்த ஒரு கோட்டை வரைந்து காட்டுவது அதைவிடப் பல மடங்கு மதிப்புள்ளது.

உறவினர் யாராவது வாழைக்கோ தென்னைக்கோ சொட்டுநீர் போட்டிருந்தால் அதையும் சோதியுங்கள். பக்கக் குழாய்களில் நான்கைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் நான்கு சொட்டுவான்களின் (தண்ணீர் சொட்டும் முனைகளின்) கீழ் கிண்ணம் வைத்து மூன்று நிமிடம் பிடியுங்கள். மணிக்கு 4 லிட்டர் தரும் சொட்டுவான் 200 மி.லி. தர வேண்டும். பதினாறில் குறைவாக வந்த நான்கின் சராசரியைப் பதினாறின் சராசரியால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 90-க்கு மேல் என்றால் அருமை, 70-க்குக் கீழ் என்றால் கடைசி மரம் பட்டினி. குழாயின் கோடியில் உள்ளவை மட்டும் குறைந்தால் அழுத்தம் போதவில்லை, எங்கெங்கோ குறைந்தால் அடைப்பு. சுண்ணாம்பு அடைப்புக்கு அமிலம் விட வேண்டும். பாசி அடைப்புக்குக் குளோரின். அமிலத்தையும் குளோரினையும் ஒருபோதும் கலக்காதீர்கள், விஷவாயு வரும். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர் 100 சதவீத மானியத்தில் கிடைத்தும் பல தோட்டங்களில் குழாய்கள் சுருட்டி வேலியோரம் கிடப்பதற்கு ஒரு முக்கியக் காரணம் வடிகட்டியைக் கழுவாதது. அமைத்துக் கொடுக்க நிறுவனங்கள் இருக்கின்றன. ஓராண்டு கழித்து வந்து இந்தச் சோதனையைச் செய்து தருகிற ஆள்தான் கிராமங்களில் இல்லை.

சூரிய மின் பம்ப் பற்றி ஓர் எச்சரிக்கை. 5 எச்.பி. பம்ப்புக்கு 4,800 வாட் அளவுக்குத் தகடுகள் வைக்கிறார்கள். டீசல் மிச்சம், புகை இல்லை. ஆனால் காலை முதல் மாலை வரை செலவில்லாமல் ஓடும் பம்ப் நிலத்தடி நீரையும் காலை முதல் மாலை வரை இறைக்கும். கடலோரத்தில் அப்படி இறைத்தால் உப்புநீர் உள்ளே வரும். எரிசக்தியை மட்டும் பார்த்து "பசுமை" என்று சொல்லிவிட முடியாது. தண்ணீர்க் கணக்கையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த பொறியாளர்கள் இந்தப் பகுதிக்கு மிக அவசரமாகத் தேவை. தஞ்சாவூர் காட்டுத்தோட்டத்தில் மண், நீர் மேலாண்மைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையமும், ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. ஆசிரியரிடம் சொல்லிப் பள்ளியிலிருந்து ஒருமுறை போய்ப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள்.

கல்லூரியில் தமிழ் வழி மாணவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் முதல் ஆண்டில்தான், அதுவும் கணிதத்திலும் பொறியியல் இயக்கவியலிலும். பாடம் புரியாமல் இல்லை, கேள்வியின் ஆங்கிலம் புரிவதில்லை. டிஸ்சார்ஜ், ஹெட், டார்க், ஸ்ட்ரெஸ், கிரேடியன்ட் மாதிரி ஓர் இருநூறு சொற்களைப் பிளஸ் டூ விடுமுறையிலேயே, ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கோடு சேர்த்துப் பழகிக்கொள்ளுங்கள். பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பைத் தமிழ்ப் பதிப்புக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால் பாதி வேலை முடிந்துவிடும். காரக்பூர் ஐஐடி ஆசிரியர்கள் நடத்தும் பாசனம், மண்வளப் பாதுகாப்புப் பாடங்கள் என்பிடெல் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. முதல் ஆண்டு முடிந்தபின் தொடங்குங்கள். முன்பே தொடங்கினால் மலைப்புதான் வரும்.

மேற்படிப்புக்கு கேட் தேர்வில் வேளாண் பொறியியலுக்குத் தனித்தாள் உண்டு. தகுதி பெற்று எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. மண் மற்றும் நீர், பண்ணை இயந்திரம், பதப்படுத்தல் என்று அங்கே பிரிவுகள் பிரியும். எதை எடுப்பது என்பதை மூன்றாம் ஆண்டில் முடிவு செய்தால் போதும். ஆனால் இறுதியாண்டுப் புராஜெக்டைக் கடையில் விலைக்கு வாங்காமல் உங்கள் ஊர் வயலிலேயே செய்யுங்கள். அப்போது இந்த இரண்டு வருட நோட்டு கையில் இருந்தால், வழிகாட்டும் பேராசிரியரிடம் தலைப்புக் கேட்டு நிற்க வேண்டியிருக்காது.